கெங்கையம்மன் கிணற்றுத் தண்ணீரை நான் குடித்துக் காட்டிய நாள்

போன மாதம், ஓய்வுபெற்ற என்னை நம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, டீயும் சமோசாவும் கொடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசி முடித்ததும் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார். "மேடம், ஜனங்க சாமிய விட்டுட்டு சயின்ஸ நம்பற காலம் எப்ப வரும்?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தபடி, "வரும் வரும், உங்க சர்வீஸ்லயே வரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆற்காடு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. நான் சொன்னது உண்மையல்ல. அந்தக் காலம் ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது. மாதனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறிய ஊருக்கு வந்தது. அதைக் கொண்டுபோனவள் நான்தான். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் அம்மனின் வாக்கை ஒதுக்கிவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை நம்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்போது நான் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். என் கையெழுத்துக்கு மதிப்பு வந்திருந்த காலம். வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. கூட்டங்களில் நான் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதையே பக்கத்து நாற்காலி ஆண் அதிகாரி சொன்னால் குறிப்பெடுப்பார்கள். எண்களை அச்சடித்து மேஜையில் வைத்த பிறகுதான் எனக்குக் காது கொடுத்தார்கள். தாளில் இருப்பதை யாரும் அசைக்க முடியாது என்ற தெம்பு எனக்கு அப்படித்தான் வந்தது. கடவுள் நம்பிக்கை எனக்குக் கிடையாது. அதை மறைத்ததும் இல்லை. கொஞ்சம் அதிகமாகவே காட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

என்னோடு தண்ணீர் மாதிரி எடுக்க வருபவர் இக்பால். ஆம்பூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது சிறியவர். போகும் வழியில் தொழுகை நேரம் வந்தால் பள்ளிவாசல் பார்த்து ஜீப்பை நிறுத்தச் சொல்வார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் திரும்பி வந்ததும், "இன்னா இக்பால், உங்காளு இன்னா சொன்னாரு?" என்று சீண்டுவேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல மேடம். நான்தான் சொல்லிட்டு வந்தேன்" என்பார். கோபித்துக்கொண்டதே இல்லை.

அந்த ஊரில் போர்க்குழாய்த் தண்ணீர் உப்பாகிவிட்டிருந்தது. வாயில் வைக்க முடியாது. கெங்கையம்மன் கோயிலை ஒட்டி ஒரு பழைய கிணறு இருந்தது. அதைத் தூர்வாரி, மோட்டார் வைத்து, மேல்நிலைத் தொட்டிக்கு இணைத்துவிடலாம் என்று பஞ்சாயத்துத் தலைவர் ஏற்பாடு செய்தார். பாதி வேலை நடக்கும்போது ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. உடுக்கை அடிக்கும்போது மல்லிகா என்ற பெண்ணுக்கு அருள் வந்தது. "என் கெணத்துல கை வெக்காதீங்கடா. விஷம் எறங்குது, விஷம் எறங்குது" என்று ஆடியிருக்கிறாள். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வயதானவர்கள், அம்மன் சொன்ன பிறகு அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்றார்கள். தலைவர் எங்களுக்கு எழுதினார். டெஸ்ட் பண்ணி, ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்ததுமே எனக்கு ஓர் உற்சாகம் வந்தது. அதை இங்கே மறைக்கக் கூடாது. எனக்கு அது தண்ணீர் பிரச்சினையாகத் தெரியவில்லை. சாமிக்கும் எனக்கும் நடக்கப்போகும் போட்டியாகத் தெரிந்தது.

நாங்கள் போனபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிணற்றைத் தூர்வாரி, ஒரு வாரம் இறைத்து ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இக்பால் மாதிரி எடுத்து பாட்டிலை மூடிவிட்டுச் சொன்னார்.

"மேடம், இது மழத் தண்ணி. மோட்டார் ஓடி ரெண்டு மாசம் ஆவட்டும். இன்னொரு தடவ எடுக்கலாம். கோடையிலயும் ஒண்ணு எடுத்தா நல்லது."

"கூட்டத்துக்குத் தேதி வெச்சிட்டாங்க இக்பால்."

"வெச்சா இன்னா? இப்போதைக்கு இதுதான் தெரியும்னு சொல்லலாம்."

இப்போதைக்கு இதுதான் தெரியும் என்று சொன்னால், அம்மன் பக்கம் நிற்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஆய்வு முடிவு சுத்தமாக வந்தது. தோல் கழிவிலிருந்து தண்ணீரில் கலக்கும் குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். உப்பும் அளவுக்குள்தான். குடிக்கத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் கோயிலுக்கு முன்னால், ஒரு சாயங்காலம். கம்பெனி பஸ் வந்து நின்று ஷூ கம்பெனிப் பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்திதான் மல்லிகா. நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. அருள் வந்து ஆடுகிறவள் என்றால் நான் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தேன். அவள் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள்.

நான் தாளைப் படித்தேன். ஒவ்வொரு எண்ணையும் படித்து, இருக்க வேண்டிய அளவு இது, இருப்பது இது என்று விளக்கினேன். யாரோ ஒரு பெரியவர் எழுந்து, "அதெல்லாம் சரிம்மா. ஆத்தா வேற மாதிரி சொல்றாளே" என்றார்.

நான் மல்லிகாவைப் பார்த்துக் கேட்டேன். "உங்க அம்மன் எந்த லேப்ல டெஸ்ட் பண்ணாங்க?"

கூட்டம் சிரித்தது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மல்லிகாவின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஓரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"மேடம், அது இல்ல. கோடையில அந்தத் தண்ணி கீழ போவும்போது..."

"அம்மா, நீங்க சாமிய பத்தி பேசுங்க, நான் கேக்கறேன். தண்ணிய பத்தி நான் பேசறேன், நீங்க கேளுங்க" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். எல்லோருக்கும் தெரியும்படி அண்ணாந்து முழுதும் குடித்தேன். கை தட்டினார்கள். அம்மனைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவரே என் அருகில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதைத் தடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பில் இக்பால், "நீங்க குடிச்சிருக்க வேணாம் மேடம்" என்றார்.

"ஏன், எனக்கு ஏதாவது ஆயிடும்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அவுங்க இனிமே பேப்பர பாத்துக் குடிக்க மாட்டாங்க. உங்கள பாத்துக் குடிப்பாங்க." மேலும் சொன்னார். "எங்கள்ல மார்க்கம் படிச்ச பெரியவங்க யாராவது தீர்ப்பு எழுதிக் குடுத்தா, கடைசியில ஒரு வரி போடுவாங்க. 'அல்லாஹு அஃலம்.' அல்லாதான் நல்லா அறிஞ்சவன்னு அர்த்தம். நான் சொன்னது தப்பாவும் இருக்கலாம்னுதான் அந்த வரி. நம்ம பேப்பர்லயும் அப்படி ஒரு வரி இருக்குது மேடம். அடியில, பொடி எழுத்துல. நீங்க அத மட்டும் படிக்கல."

அந்த வரி உங்களுக்கும் தெரியும். 'இந்த முடிவு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' அது சட்டத்துக்காகப் போடும் வரி, ஜனங்களுக்குப் படிக்கிற வரி இல்லை என்றேன். இக்பால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆயுத பூஜை கழிந்து, கிணற்றுத் தண்ணீர் குழாய்களில் வர ஆரம்பித்த பிறகு, தலைவர் ஒரு படம் அனுப்பினார். என் தாளை லேமினேஷன் போட்டு, கோயில் மண்டபத்தில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். என் கையெழுத்துக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. நான் அதை இரண்டு மூன்று பேருக்குக் காட்டிச் சிரித்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு நாள், அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன் செய்தார். ஒரே ஊரிலிருந்து நிறையப் பேர் வாய்ப்புண், வாந்தி, வயிற்றுவலி என்று வருகிறார்கள், கைகளில் கொப்புளம் இருக்கிறது, தண்ணீரைக் கொஞ்சம் பாருங்கள் என்றார். அவர் சொன்னது அதே ஊரின் பெயர்.

அன்றைக்கே போனோம். கிணற்றில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இக்பால் பாட்டிலில் எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். லேசான மஞ்சள். ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்த்தபோது குரோமியம் அளவுக்கு மேலே எங்கேயோ போயிருந்தது.

காரணம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. ஊருக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி இருந்தது. விடியற்காலையில் டேங்கர்கள் அங்கே வந்து தோல் பதனிட்ட கழிவை ஊற்றிவிட்டுப் போயிருக்கின்றன. யாருடைய டேங்கர் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. மோட்டார் தினமும் இறைக்க இறைக்க, குவாரியில் தேங்கியது பூமிக்குள்ளேயே கிணற்றை நோக்கி முன்னைவிட வேகமாக வந்துவிட்டது. மழை ஓய்ந்த ஒரே ஒரு நாளில் நான் பார்த்த தண்ணீர் வேறு. அவர்கள் மாதக்கணக்கில் குடித்த தண்ணீர் வேறு.

துறை விசாரணை வந்தது. நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது இதைத்தான். மேஜைக்கு எதிரே மூன்று அதிகாரிகள். "இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்றார்கள். நான் என் ஆய்வறிக்கையை எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்து வரியைச் சத்தமாகப் படித்தேன். இந்த முடிவு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். ஊர்க்கூட்டத்தில் படிக்காத வரியை, என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அறையில் படித்தேன். அவர்கள் தலையாட்டினார்கள். என் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதினார்கள். சாட்சியாக உட்கார்ந்திருந்த இக்பால் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம் இரண்டாவது மாதிரி பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மல்லிகாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உள்ளே ஓர் இளம்பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எம் பொண்ணு" என்றாள் மல்லிகா. "தலப்பிரசவத்துக்கு வந்தா. எட்டாம் மாசத்துல போய்டுச்சு. ஆம்பளப் புள்ள."

எனக்கு இது தெரியாது. ஊரில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. "கூட்டத்துல நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான் விடல. அது என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது குவாரிப் பக்கம் டேங்கர் போவதைப் பல நாள் பார்த்திருக்கிறாள். கோடையில் கோயில் கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மஞ்சளாக இருக்கும். அதில் துணி அலசினால் விரல் இடுக்கில் அரிக்கும். அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. இதையெல்லாம் அவள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். வார்டு மெம்பரிடமும் சொல்லியிருக்கிறாள். "உனக்கு இன்னா தெரியும், போய் வேலயப் பாரு" என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

"அதனாலதான் அருள் வந்த மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"மாதிரி எல்லாம் இல்ல மேடம். ஆத்தாதான் சொன்னா." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் பாத்ததெல்லாம் ஆத்தாவுக்கும் தெரியுமில்ல."

அவளிடம் எல்லா விவரமும் இருந்தது. கோடை, மழை, நிறம், அரிப்பு, கன்றுக்குட்டி. பல வருடம் ஒரே கிணற்றைக் கவனித்தவள். நம் வேலையில் அதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் வாயால் சொன்னால் யாரும் கேட்கவில்லை. அம்மன் வாயால் சொன்னபோது பாதி ஊர் கேட்டது. அந்த ஒரு வழியையும் நான் ஊர் சிரிக்க அடைத்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் கேட்பாரில்லாமல் பேசியவள்தான்.

"மொதல்ல அவளுக்குக் கேன் தண்ணிதான் வாங்கினேன்" என்றாள் மல்லிகா. "இவரு திட்டினாரு. மேடமே குடிச்சாங்க, நீ இன்னா பெரிய டாக்டரான்னு. எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. படிச்சவங்க, நம்ம கண்ணு முன்னால ஒரு சொம்பு குடிச்சாங்களே, நாமதான் ஏதோ ஜாஸ்தியா பயப்படறோம்னு நெனச்சேன். அப்புறம் கொழாத் தண்ணியத்தான் குடுத்தேன்."

உள்ளே படுத்திருந்தவள் அசையவில்லை.

"மேடம், கொழந்த போனது அந்தத் தண்ணியாலதானா?"

அதற்கு விடை எனக்குத் தெரியாது. வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். அந்தத் தண்ணீராகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. "தெரியலம்மா" என்றேன்.

அவள் கேட்டாள்.

"அன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாமி இருந்த இடத்துக்கு அறிவியல் வர முடியுமா? அந்த ஊரில் ஒரு சாயங்காலத்தில் வந்தது. கைதட்டல், கும்பிடு, சந்தனம், குங்குமம் எல்லாம் கிடைத்தது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தது அறிவியல் இல்லை, நான். அறிவியல் என்றால் அன்றைக்கு இக்பால் சொன்னதுதான். இன்னொரு தடவை எடுக்கலாம், இப்போதைக்கு இதுதான் தெரியும். தொழுதுவிட்டு வந்த மனிதர் அதைச் சொன்னார். எதையும் கும்பிடாத நான் அதைக் கேட்கவில்லை. ஜனங்கள் என்றைக்கு நம்மை நம்புவார்கள் என்று கவலைப்படாதீர்கள். நம்பிவிடுவார்கள். அப்போது நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிணற்றை மூடினார்கள். வேறு பக்கத்திலிருந்து குழாய் இழுத்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அதைச் சோதிக்கிற வேலை மறுபடி எங்களுக்கு வந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்று மேலதிகாரி கேட்டார். நானே போகிறேன் என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. போகாமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று தோன்றியது.

மண்டபத்தில் என் தாள் இல்லை. கழற்றியிருந்தார்கள். கோயிலுக்கு எதிரே புதிய குழாயடியில் மல்லிகா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இக்பால் மாதிரி எடுத்தார். ஒரு வாரம் கழித்து முடிவோடு திரும்பிப் போனோம். இந்தத் தடவை கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயடியில் நின்றவர்களிடம் தாளைப் படித்தேன். அடியில் இருக்கும் வரியை முதலில் படித்தேன்.

மல்லிகா கேட்டாள். "இத குடிக்கலாமா மேடம்?"

"போன வாரம் எடுத்த தண்ணி நல்லாருக்கு. குடிக்கலாம். அடுத்த மாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. மல்லிகா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த மாசமும் வாங்க" என்றாள்.